சமுதாய ஸ்டுடியோவில் பறைக் குழுவை ரெக்கார்டு செய்தால் சத்தம் உடைகிறது, விலை கூடின மைக் வாங்கினால் சரியாகுமா?

பாதி சரியாகும். மீதிப் பாதி உங்கள் அறை.

சின்ன கான்கிரீட் அறை, நான்கு பறை, ஒரு பாடகர், ஒரு கண்டென்சர் மைக் (மெல்லிய ஒலியையும் பிடிக்கும் வகை), இரண்டு இன்புட் உள்ள இண்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நானும் எங்கள் ஊரில் ஒரு மாடி அறையில் இதே மாதிரி வசதியோடுதான் சனி ஞாயிறுகளில் ரெக்கார்டிங் பார்த்துக்கொள்கிறேன், அதனால் அங்கே செய்வதையே சொல்கிறேன்.

முதலில் சத்தம் எங்கே உடைகிறது என்று கண்டுபிடியுங்கள். பதிவான ஃபைலில் எதையும் மாற்றாமல் அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள், உச்சி அரிவாளால் சீவின மாதிரி தட்டையாக இருக்கும். அந்தத் தட்டை 0 டெசிபலில், அதாவது ஃபைலில் பதியக்கூடிய உச்ச அளவில், முட்டி நின்றால் கெயின் (மைக் சத்தத்தை இண்டர்ஃபேஸ் பெரிதாக்கும் அளவு) அதிகம், அதைக் குறைத்தால் சரியாகிவிடும். 0-வுக்குக் கீழேயே தட்டையாகிவிட்டால் பெரும்பாலும் மைக்கே தாங்கவில்லை, கெயினை எவ்வளவு திருகினாலும் திருந்தாது. பறைக்கு ஷூர் எஸ்எம்57 மாதிரி ஒரு டைனமிக் மைக் போதும். 1965-இல் வந்த மாடல், முரட்டு அடியைத் தாங்கும், கண்டென்சர் மைக்குக்கு இண்டர்ஃபேஸ் கொடுக்கும் 48 வோல்ட் மின்சாரமும் (ஃபாண்டம் பவர்) வேண்டாம்.

லெவல் வைக்கும்போது ஒரு விஷயம். டெஸ்டுக்கு அடிக்கச் சொன்னால் எல்லோரும் மெதுவாகத்தான் அடிப்பார்கள், அதை நம்பி வைத்தால் ஆட்டம் சூடு பிடித்ததும் போய்விடும். கடைசியில் வரும் உச்ச வேகத்தையே அடிக்கச் சொல்லுங்கள், அதுவும் தோலைத் தீயில் காய்ச்சின பிறகு, ஏனென்றால் தோல் இறுகினதும் சிம்புக்குச்சியின் (பறை அடிக்கும் மெல்லிய நீளக் குச்சி) சுள்ளென்ற ஒலி வேறு மாதிரி பாயும். 24 பிட்டில் பதிவு செய்தால் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் இருந்தாலே தாராளம், மீட்டர் சிவப்பைத் தொட வேண்டும் என்பதெல்லாம் டேப் காலத்துப் பழக்கம்.

அறைக்கு வருவோம். முட்டை அட்டை ஒட்டுவது வீண்வேலை, எதிரொலியைக் கொஞ்சம் மாற்றும், பறையின் அடித்தொனி அதைச் சட்டை செய்யாது. மூலைகளில் பஞ்சு மெத்தைகளை நிறுத்திப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ஆனால் நான் சொல்வது, மொட்டை மாடி இருந்தால் விடியற்காலையில் அங்கே போய்விடுங்கள். நாலு பக்கமும் சுவர் கிடையாது, ஃபேன் சத்தம் கிடையாது, தீ மூட்டவும் இடம் உண்டு (டேக்குக்கு டேக், அதாவது ஒவ்வொரு முறை வாசித்துப் பதிந்ததும், தோல் தளர்ந்து சுருதி இறங்கும், இடையில் காய்ச்சியே ஆக வேண்டும்). குழு அரைவட்டமாக நிற்கட்டும், இரண்டு மீட்டர் தள்ளி, தலைக்குச் சற்று மேலே மைக், அதற்கு ஒரு ஸ்பாஞ்ச் தொப்பி. அவ்வளவுதான்.

பாடகருக்கு இரண்டாவது இன்புட். கார்டியாய்ட் மைக் பின்பக்கத்துச் சத்தத்தை மிகக் குறைவாக எடுக்கும், ஆகவே மைக்கின் முதுகு பறைகளைப் பார்த்து இருக்கும்படி அவரை நிறுத்துங்கள். கொஞ்சம் பறை உள்ளே வரத்தான் செய்யும், வரட்டும். ஒவ்வொருவராகத் தனித்தனியே, காதில் கிளிக் (ஒரே வேகத்தில் தட்டும் மெட்ரோனோம் ஒலி) மாட்டி எடுக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். பறையாட்டத்தில் வேகம் ஏறுவது தப்பு இல்லை, அதுதான் ஆட்டமே, அதை மெட்ரோனோமில் கட்டிப்போட்டால் பிசிறில்லாத, உயிரில்லாத ஒன்றுதான் கையில் கிடைக்கும். பாட்டை மட்டும் பிறகு தனியாக எடுப்பதானால் இண்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் சுவிட்சைப் போடுங்கள், குரல் கம்ப்யூட்டருக்குள் போய்வராமல் நேரே ஹெட்ஃபோனுக்கு வரும், தன் குரல் தாமதமாகக் காதில் விழுந்தால் எந்தப் பாடகரும் தடுமாறுவார்.

சாஃப்ட்வேர் பற்றிக் கவலையே வேண்டாம். ஆடாசிட்டி இலவசம், இரண்டு மைக்குக்குப் போதும். ரீப்பர் என்ற இன்னொரு ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை 60 நாள் சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு டிராக் நிமிடத்துக்கு 9 எம்பிக்கும் குறைவு, இடம் ஒரு பிரச்சினையே இல்லை, எல்லா டேக்கையும் வைத்திருங்கள்.

அப்புறம், சமுதாய ஸ்டுடியோ என்பதால் கேட்காமலே சொல்கிறேன். ஃபைலின் பெயரிலேயே தேதியும் ஊரும், கூட ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் யார் எந்த வாத்தியம் என்பதும் இருக்கட்டும். நம் காப்புரிமைச் சட்டத்தில் வாசித்தவருக்கும் பாடியவருக்கும் நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுகள் உண்டு, பதிவை இணையத்தில் போடுவதற்கு முன்னால் அவர்கள் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஆளுக்கொரு பென்டிரைவில், சுருக்காத வேவ் (WAV) ஃபைலாகவே கொடுங்கள். வாட்ஸப்பில்தான் வேண்டும் என்று கேட்டால் டாக்குமென்டாக அனுப்புங்கள்.