பரண்மேல் ஏறிய கம்பி ஷூ

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது மூன்று மாதம். வலது பாதம் உள்பக்கம் மடங்கிப் பிறந்தான். மதுரையில் ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டு, குதிகால் நரம்பை வெட்டி, அப்புறம் இரண்டு காலையும் ஒரு கம்பியால் இணைக்கிற கம்பி ஷூ கொடுத்தார்கள். இப்போது தூங்கும்போது மட்டும் போட்டால் போதும், ஆனால் நாலு வயது வரைக்கும் போடவேண்டும் என்கிறார்கள். இதுவரை பேசாமல் போட்டுக்கொண்டவன் ஒரு மாதமாக ஷூவைப் பார்த்தாலே கத்துகிறான். ராத்திரியில் குதிகாலை உருவிக்கொண்டு விடுகிறான், கொப்புளம் வேறு. மே மாதம் நாத்தனாரைப் பெண் பார்க்க வந்தபோது அதை எடுத்துப் பரண்மேல் போட்டிருந்தோம், திரும்ப எடுத்ததிலிருந்து இந்த அழுகைதான். 'நல்லாத்தானே ஓடுறான், விட்டுடு' என்கிறார் வீட்டுக்காரர். கிரகணத்தில் நான் வெளியே வந்ததால்தான் இப்படி ஆனது என்று அத்தை இன்னும் சொல்கிறார். நல்ல காலையும் சேர்த்துக் கட்டுவது பாவம் என்கிறார். பிள்ளை அழுவதைப் பார்க்க முடியவில்லை அக்கா. இரண்டரை வயதோடு நிறுத்திவிடலாமா?
(பெயர் வேண்டாம், பூம்பாறை. கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

நிறுத்தக் கூடாது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் முடிந்துவிட்டது. இனி நீங்கள் கேட்காததைப் பேசுவோம்.

உங்கள் கடிதம் நான்கு பக்கம். கிரகணத்துக்கு முக்கால் பக்கம், மாமியாருக்கு ஒரு பக்கம், பிள்ளையின் அழுகைக்கு ஒன்றரைப் பக்கம். நடுவில் ஒரே ஒரு வரி, அதுவும் வேறு எதையோ சொல்லிக்கொண்டு போகும்போது: 'பரண்மேல் போட்டிருந்தோம்.' அந்த வரியை மூன்று தடவை படித்தேன். எத்தனை நாள் அம்மா அது பரண்மேல் இருந்தது? அதை மட்டும் எழுதவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் கேசரி சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே கீழே இறங்கியிருந்தால், ராத்திரியே இறக்கிப் போட்டிருப்பீர்கள். மே மாதம் மலைக்கு ஏறி வருகிற சொந்தக்காரர்கள் அன்றைக்கே இறங்கியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. கோக்கர்ஸ் வாக், ஏரி, படகு, பூம்பாறைக் கோயில், மன்னவனூர் என்று சுற்றிப் பார்த்துவிட்டு, மூட்டையில் மலைப்பூண்டும் கட்டிக்கொண்டுதான் போவார்கள். ஒரு வாரமா? பத்து நாளா? அத்தனை ராத்திரியும் அந்தக் கால் சும்மா கிடந்தது.

சும்மா கிடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது. மாவுக்கட்டு பாதத்தைத் திருப்பிவிட்டது. கம்பி ஷூ எதையும் திருப்புவதில்லை, திருப்பியதைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். வளைபாதத்தோடு பிறக்கிற பிள்ளைக்குக் கெண்டைக்கால் சதையும் பாதத்தின் உள்பக்கத்துத் தசைநார்களும் பிறவியிலேயே இறுகியவை. கட்டுப் பிரித்த பிறகும் அவை இழுப்பதை நிறுத்துவதில்லை. முதல் நான்கைந்து வருஷம் பாதம் வேகமாக வளர்கிறது, அந்த வளர்ச்சியோடு சேர்ந்து இழுப்பும் நடக்கிறது. வயது ஏற ஏற இரண்டும் தணிகின்றன. 'நாலு வயது' என்று டாக்டர் சொன்னது ஜோசியக்காரர் சொல்கிற கணக்கு இல்லை.

(நீங்கள் 'நரம்பை வெட்டினார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், சொல்லிவிட்டுப் பயப்படுகிறார்கள். வெட்டியது நரம்பு இல்லை, கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கிற தசைநார். அதன் பிறகு போட்ட கடைசிக் கட்டு மூன்று வாரம் இருந்திருக்குமே? அந்த மூன்று வாரத்தில் அது சற்று நீளமாகத் திரும்ப வளர்ந்துவிடும்.)

இந்த வைத்தியத்தை உருவாக்கியவர் இக்னாசியோ பொன்செட்டி. ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவின் அயோவாவில் வேலை பார்த்த டாக்டர், 2009-இல் தமது 95-ஆவது வயதில் காலமானார். அந்தக் காலத்தில் இப்படிப் பிறந்த பிள்ளைகளின் பாதத்தை அறுத்துத்தான் நிமிர்த்தினார்கள். பார்க்க நேராக இருக்கும், வளர்ந்த பிறகு பாதம் விறைத்துப் போய் நடக்கும்போதெல்லாம் வலிக்கும். கையால் மெதுவாகத் திருப்பிக் கட்டுப் போட்டாலே போதும் என்று இவர் 1963-இல் எழுதினார். முப்பது வருஷத்துக்கு மேல் பெரும்பாலானோர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது உலகம் முழுக்க இதுதான். அவருடைய மருத்துவமனை 2004-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. ஷூவைச் சொன்னபடி போட்ட குடும்பங்களில் நூற்றுக்கு ஆறு பிள்ளைகளுக்குத்தான் பாதம் திரும்ப மடங்கியது. போடாத குடும்பங்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல். உங்கள் வீட்டுக்காரரிடம் இந்த இரண்டு எண்களையும் சொல்லுங்கள். 'நல்லாத்தானே ஓடுறான்' என்கிறார் அல்லவா, அவன் நன்றாக ஓடுவதே ராத்திரியில் ஷூ போட்டதால்தான்.

சரி, அழுகைக்கு வருவோம். இரண்டு வருஷமாகப் பேசாமல் போட்டுக்கொண்ட பிள்ளைக்குத் திடீரென்று ஏன் கோபம்? அவனுக்கு அது தூக்கத்தின் ஒரு பகுதியாக இருந்தது. பாய் விரிப்பது, விளக்கை அணைப்பது மாதிரி. ஒரு வாரம் அது இல்லாமலும் தூங்கலாம் என்று நீங்களே காட்டிக் கொடுத்துவிட்டீர்கள். இரண்டே கால் வயதுக்குப் பிடிவாதத்தைச் சொல்லித் தரவேண்டியதில்லை. காரணம் இது மட்டும்தான் என்றால் பயமில்லை. ஒரு ராத்திரிகூட விடாமல் போட்டு வந்தால், சில நாள் கத்திவிட்டு அடங்குவான். ஆனால் அழுகிறான் என்று நடுராத்திரியில் கழற்றினீர்களோ, அழுதால் கழன்றுவிடும் என்பது அவனுக்கு மனப்பாடமாகிவிடும்.

எனக்குக் கவலை அதில் இல்லை. குதிகால் உருவிக்கொண்டு வருகிறது என்றீர்களே, அதில்தான். ஷூ சின்னதாகிப் போயிருந்தாலும், நடுப்பட்டை தளர்ந்திருந்தாலும் உருவும். பாதம் திரும்ப இறுக ஆரம்பித்திருந்தாலும் உருவும். எது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது, உங்களாலும் முடியாது, கை வைத்துப் பார்க்கிற டாக்டர்தான் சொல்லவேண்டும். அதுவரைக்கும் இரண்டு விஷயம் கவனியுங்கள். அவன் குந்தி உட்கார்ந்து விளையாடும்போது பின்னாலிருந்து பாருங்கள், வலது குதிகால் தரையில் பதிகிறதா, தூக்கிக்கொண்டு நிற்கிறதா? குளிப்பாட்டியதும் ஈரக்காலோடு சிமெண்டுத் தரையில் நடக்க விடுங்கள், வலது தடம் முழுசாக விழுகிறதா, வெளி ஓரம் மட்டும் விழுகிறதா? குதிகால் தூக்கியிருந்தாலோ ஓரம் மட்டும் விழுந்தாலோ அடுத்த மாதம் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். இப்போதே பிடித்தால் அநேகமாக இன்னும் சில வாரம் மாவுக்கட்டோடு போய்விடும். விட்டால் தசைநாரை இடம் மாற்றுகிற ஆபரேஷன் வரைக்கும் போகும். குதிகால் பதிகிறது, தடமும் சரி என்றாலும் இந்த வாரமே போய்க் காட்டத்தான் வேண்டும், குதிகால் உருவுகிறதே.

கொப்புளத்துக்கு எண்ணெயும் களிம்பும் தடவியிருப்பீர்கள், தடவாத வீடு இல்லை. அதை நிறுத்துங்கள், தோல் இன்னும் ஊறிப்போகும். குதிகாலில் கொப்புளம் என்றால் பெரும்பாலும் ஷூ தளர்வு, பாதம் உள்ளே வழுக்குகிறது என்று அர்த்தம். பாவம் என்று பட்டையை இன்னும் தளர்த்துவது பெற்றவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு. முட்டியை மடக்கி, குதிகாலை அடிவரைக்கும் அழுத்தி, முதலில் நடுப்பட்டையை இறுக்கவேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். குதிகால் பக்கம் சின்ன ஓட்டை வைத்த ஷூ என்றால் அதன் வழியாகக் குதிகால் தெரியவேண்டும். உங்கள் ஊர்க் குளிருக்கு நீங்கள் கம்பளி சாக்ஸ் போட்டுவிடுவீர்கள் என்பது என் ஊகம். உள்ளே மெல்லிய பருத்தி சாக்ஸ் மட்டும்தான், தடித்த கம்பளிக்குள் கால் வழுக்கும். குளிருக்குப் பெரியவர்களின் கம்பளி சாக்ஸை ஷூவுக்கு மேலே மாட்டிவிடுங்கள். பேண்ட்டை முதலில் போட்டுவிட்டு ஷூவைப் பிறகு போடுங்கள், இல்லையென்றால் கம்பி இருக்கிறபோது பேண்ட் ஏறாது. கம்பியைப் பழைய துணியால் சுற்றுங்கள், ராத்திரி உங்கள் தாடையும் தப்பிக்கும்.

ஷூ போட்டதும் கம்பியைப் பிடித்து இரண்டு காலையும் சேர்த்து முன்னும் பின்னும் ஆட்டி விளையாட்டுக் காட்டுங்கள். ஒரு காலை மட்டும் உதைக்கப் பார்ப்பதால்தான் பிள்ளைக்கு எரிச்சல் வருகிறது, இரண்டையும் சேர்த்து உதைக்கக் கற்றுக்கொண்டால் அடங்கும். மாமியார் 'நல்ல கால்' என்கிறாரே, அந்த இடது காலைக் கட்டுவதற்கும் காரணம் இருக்கிறது. வலது பாதத்தை வெளிப்பக்கம் அறுபது, எழுபது பாகை திருப்பி வைத்திருக்கிறது கம்பி. மறுமுனையில் பிடித்துக்கொள்ள ஒரு கால் இல்லாவிட்டால் அந்தக் கோணம் நிற்காது. இடது கால் தம்பிக்காரனுக்குக் கை கொடுக்கிறது என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

கிரகணத்தைப் பற்றி ஒரு வரிக்கு மேல் வீணாக்கமாட்டேன். கிரகணம் வந்தாலும் வராவிட்டாலும் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது, பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகள் இரண்டு மடங்கு.

இப்போது பரணுக்குத் திரும்புகிறேன்.

எதற்கு மறைத்தீர்கள்? 'இந்த வீட்டு ரத்தத்தில் ஏதோ இருக்கிறது, நாளைக்கு நம் வீட்டுக்கு வருகிற பெண்ணுக்கும் இப்படிப் பிறக்கும்' என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்துவிடுவார்கள் என்று. ரத்த சம்பந்தம் கொஞ்சம் உண்டு, இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். உங்களுக்கே இன்னொரு பிள்ளை பிறந்தால் நூற்றில் மூன்று நான்கு என்கிற அளவில் வாய்ப்பு இருக்கிறது. உங்கள் நாத்தனாருக்குப் பிறக்கிற பிள்ளைக்கு அது இன்னும் எவ்வளவோ குறைவு. அப்படியே பிறந்தாலும் என்ன, ஆறேழு கட்டும் ஒரு ஜோடி ஷூவும். அந்த ஷூவைப் பார்த்துவிட்டு எழுந்து போகிற வீட்டில், நாளைக்கு உங்கள் நாத்தனாருக்கு அப்படி ஒரு பிள்ளை பிறந்தால் என்ன பாடுபடுத்துவார்கள்? அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி கிடைக்குமா? அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டீர்களா? அவளுடைய வரனுக்காக அண்ணன் மகனின் கால் பரண்மேல் ஏறியது அவளுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் அவளே ஏணி போட்டு ஏறியிருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது. நாத்தனார்களைப் பற்றி நல்லதாக நான் எழுதுவது அபூர்வம், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பத்திலும் ஒரு சித்தப்பா இருந்தார், இதே கால். அப்போது வைத்தியம் இல்லை, புறங்காலை ஊன்றித்தான் நடப்பார். வீட்டுக்கு வரன் பார்க்க யாராவது வந்தால் அவரை வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்ச அனுப்பிவிடுவார்கள். எனக்கு விவரம் தெரிந்த வயதில் அவரை யாரும் அனுப்பியதாக நினைவில்லை. வாசலில் புது ஜமுக்காளத்தை உதறுகிற சத்தம் கேட்டால் அவராகவே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகக் கிளம்பிவிடுவார். என் கல்யாணப் பேச்சு நடந்த அன்றைக்கும் அப்படித்தான் போனார். நானும் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன். உங்களுக்கு இந்தத் தொனியில் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டில் கல்யாண வயதுப் பெண் இருந்தால் அண்ணனுக்குக் கடமை இருக்கிறது, அதை நான் லேசாக நினைக்கவில்லை. நகையைக் குறைக்கலாம், கடன் வாங்கலாம், ஒரு வருஷம் தள்ளியும் போடலாம். ஆனால் அந்தக் கடமையை இரண்டு வயதுப் பிள்ளையின் கணக்கில் எழுதக் கூடாது. பெரியவர்கள் காத்திருக்கலாம், வளர்கிற பாதம் காத்திருக்காது. பிள்ளை அழுவதைப் பார்க்க முடியவில்லை என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் ஊர் கேட்கிற கேள்வியைப் பார்க்க முடியாததால்தான் இது ஆரம்பித்தது.

வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு இந்த வாரமே கிளம்புங்கள். பூண்டுக் காட்டு வேலை இரண்டு நாள் நிற்கட்டும். பூம்பாறையிலிருந்து மதுரை தூரம்தான், மலை இறங்கிப் போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும், பிள்ளை வளைவுக்கு வளைவு வாந்தி எடுப்பான். போகத்தான் வேண்டும். செலவுதான் தடை என்றால் அங்கன்வாடியில் கேளுங்கள். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற அரசுத் திட்டத்தில் வளைபாதமும் உண்டு, அதில் சிகிச்சை இலவசம். பிள்ளையை அவர் மடியில் வைத்துக்கொள்ளட்டும், டாக்டர் குதிகாலை அழுத்திக் காட்டும்போது அவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். 'விட்டுடு' என்று சொன்னவர் அவர்தானே. ராத்திரி ஷூ மாட்டுகிற வேலையும் இனி ஒருநாள் விட்டு ஒருநாள் அவருடையது. ஷூவை மறக்காமல் எடுத்துப் போங்கள், பாதி பேர் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு போய் நிற்கிறார்கள்.

அடுத்த கடிதத்தில் மாமியாரைப் பற்றி எழுதவேண்டாம். குதிகால் ஷூவின் அடியில் பதிகிறதா இல்லையா என்று மட்டும் எழுதுங்கள்.