டீச்சரைக் கேளுங்கள்: பென்சில் கொஞ்சம் காத்திருக்கட்டும்

மே மாதம் வந்தாலே எனக்கு வரும் கடிதங்களில் பாதி சின்னப் பிள்ளைகளைப் பற்றித்தான் இருக்கும். ஜூனில் எல்.கே.ஜி., ஒன்றாம் வகுப்பு என்று சேர்க்கப் போகிறார்கள், அம்மாக்களுக்கு இப்போதே வயிற்றில் புளி கரைகிறது. முப்பத்தோரு வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன், கொஞ்சம் கறாராக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர், என் பையனுக்கு மூன்றரை வயது. லீவில் தினமும் இரண்டு பக்கம் எழுத வைக்கச் சொல்லி நோட்டு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பென்சிலைத் தூக்கி எறிகிறான். பக்கத்து வீட்டுப் பெண் ஐம்பது வரை எழுதுகிறாள். சாயங்காலம் ஆனாலே வீட்டில் போர்க்களம்தான். — ஒரு அம்மா, லாசுப்பேட்டை

முதலில் அந்த நோட்டை எடுத்து பீரோ மேல் வையுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணையும் அங்கேயே வையுங்கள்.

நம் மணிக்கட்டில் எட்டுக் குட்டி எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை எலும்பாகவே இருக்காது, வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகத்தான் கெட்டிப்படும். மூன்றரை வயதில் பாதி ஆகியிருந்தாலே அதிகம், மீதியெல்லாம் பள்ளிக்கூடம் போகிற வயதில்தான். எலும்பு மட்டும் காரணம் இல்லை, விரல் சொன்ன பேச்சைக் கேட்கப் பழகவும் வருஷம் ஆகும். பொதுவாக வட்டம் போட மூன்று வயதில் வரும், கூட்டல் குறி நான்கை ஒட்டி வரும், சதுரம் நாலரை, முக்கோணம் ஐந்து. பிள்ளைக்குப் பிள்ளை முன்னே பின்னே இருக்கும். இப்போது ‘அ’வை எழுதிப் பாருங்கள். ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு குறுக்குக் கோடு, ஒரு நெட்டுக் கோடு, அத்தனையும் கை எடுக்காமல்! முக்கோணமே வராத கைக்கு இது எவ்வளவு பெரிய வேலை. அதனால்தான் என் வகுப்பில் நான் ட, ப, ம என்று தொடங்குவேன். ட-வும் ப-வும் நேர்க்கோடுதானே, அந்த மூன்றும் புள்ளியும் வந்துவிட்டால் படம், பட்டம், மடம், மட்டம் என்று முழுச் சொல்லே எழுதிவிடலாம், பிள்ளைக்கும் ஒரு கெத்து வரும்.

அதுவரை கைக்கு வேலை கொடுங்கள். பட்டாணி உரிக்கட்டும், பூண்டு உரிக்கட்டும், சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை அவனுக்கு. காலையில் நீங்கள் கோலம் போடும்போது பக்கத்தில் உட்கார வைத்து ஒரு பிடி கோலமாவு கொடுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளிக் கிள்ளி விடுகிறோமே, பென்சில் பிடிக்கவும் அதே விரல்கள்தான். மூன்று புள்ளி மூன்று வரிசை வையுங்கள், அவன் எண்ணிக்கொண்டே வைக்கட்டும். கோணல் மாணலாகத்தான் வரும். மாமியார் திட்டினால் என் பெயரைச் சொல்லுங்கள்.

இவ்வளவு பேசுகிறேனே, என் பெரியவனுக்கு இதே மூன்றரை வயதில் பலகையும் பலப்பமும் கொடுத்து தினமும் ஒரு மணி நேரம் உட்கார வைத்தவள்தான் நான். டீச்சர் பிள்ளை எழுதவில்லை என்றால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம். ஒரு நாள் பலகையைக் காணோம். இரண்டு நாள் கழித்து உலைக்கு அரிசி அளக்கப் போனால் படி ‘டக்’கென்று எதிலோ இடிக்கிறது. அரிசி டிரம்முக்கு அடியில் புதைத்து வைத்திருக்கிறான். அதற்கப்புறம் ஐந்து வயது வரை நான் அவனை எழுதச் சொல்லவே இல்லை.

டீச்சர் அம்மா, நான் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறேன். தடைக்காலம் என்பதால் ஜூன் பாதி வரை வீட்டில்தான். மகளுக்கு நாலு வயது ஆகிறது. நான் எட்டாவதோடு நின்றவன், வீட்டுக்காரி ஐந்தாவது. நாங்கள் என்ன சொல்லிக் கொடுத்துவிட முடியும்? — ஒரு அப்பா, கடலூர் முதுநகர்

தம்பி, இந்த வாரம் வந்ததிலேயே எனக்குப் பிடித்த கடிதம் உங்களுடையதுதான். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள். எந்த ஆபீஸ்காரர் தன் பிள்ளையோடு இத்தனை நாள் பகலில் இருக்கிறார், சொல்லுங்கள்?

வலையைச் சரிசெய்ய உட்காரும்போது மகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கழற்றிப் போட்ட மிதவைகளை “அஞ்சு எடுத்துக் கொடும்மா” என்று கேளுங்கள். நூறு வரை மூச்சு விடாமல் ஒப்பிக்கிற பிள்ளைகள் உண்டு, ஐந்து எடு என்றால் கை நிறைய அள்ளி வரும். எண்ணுகிற பாட்டு வேறு, எண்ணிக்கை வேறு. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது நான்கு வயதை ஒட்டித்தான் மெல்லப் பிடிபடும். நான்கு எடுத்து வந்தால் “தப்பு” என்று சொல்லாதீர்கள், “வா, சேர்ந்து எண்ணுவோம்” என்று ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுங்கள். ஈயக்குண்டு மட்டும் அவள் கையில் வேண்டாம், வாயில் வைத்துக்கொள்வாள், ஈயம் விஷம்.

இன்னொன்று. சாயங்காலம் தேவனாம்பட்டினம் பக்கம் போனால் சில்வர் பீச்சில் சிப்பி பொறுக்கி வாருங்கள். ஆறு சிப்பியை நெருக்கி ஒரு வரிசை, இன்னொரு ஆறை அகலமாகத் தள்ளித் தள்ளி ஒரு வரிசை. எது அதிகம் என்று கேளுங்கள், நீளமான வரிசையைத்தான் காட்டுவாள். எண்ணிப் பார்த்த பிறகும் அதையே காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். ழான் பியாழே என்ற சுவிஸ் அறிஞர் இதைத்தான் பிள்ளைகளிடம் செய்து பார்த்து எழுதிவைத்தார். ஆறேழு வயதில்தான் அது தெளியும். அவளுக்கு அறிவு குறைவு என்று அர்த்தமில்லை, கண் சொல்வதை மனசு இன்னும் நம்புகிறது, அவ்வளவுதான்.

தடைக்காலம் முடிந்தால் மீன் கூறு இருக்கவே இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டு வரும் சங்கராவைப் பெரிசு, நடு, பொடிசு என்று பிரிக்கச் சொல்லுங்கள், நெத்திலியை ஆளுக்கு ஒரு கூறாகப் போடச் சொல்லுங்கள். சமமாகப் போட்டாளா என்று அவள் அண்ணனே சண்டை போட்டுச் சரிபார்ப்பான். அப்புறம் காற்று. வாடை எது, கொண்டல் எது, மேகம் எப்படி இருந்தால் படகு கிளம்பாது என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. எம்.ஏ. படித்த எனக்குத் தெரியாது. அதைச் சொல்லுங்கள், “ஏம்பா?” என்று கேட்பாள், அதற்கும் பதில் சொல்லுங்கள்.

டீச்சர், இரண்டரை வயதுப் பையன். போனில் பாட்டு ஓடினால்தான் வாய் திறக்கிறான், இல்லாவிட்டால் ஒரு வாய் சோறு இறங்காது. இங்கிலீஷ் ரைம்ஸ் அப்படியே பாடுகிறான், ஆனால் தண்ணீர் வேண்டும் என்றால் கையைப் பிடித்து இழுக்கிறான். அவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினாராம். — முத்தியால்பேட்டை வாசகி

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது, இரண்டாவது அவசரம். அதை முதலில் சொல்கிறேன். இரண்டு வயது முடியும்போது “தண்ணி தா”, “அப்பா வா” என்று தானாக இரண்டு சொல் சேர்க்க வேண்டும். கேட்டதைத் திருப்பிப் பாடுவது இந்தக் கணக்கில் வராது. அப்பா லேட்டாகப் பேசியிருக்கலாம், அதற்காகக் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பாருங்கள், காது நன்றாகக் கேட்கிறதா என்று பரிசோதனை செய்யுங்கள், உங்களுக்குக் கோரிமேட்டு ஜிப்மர் கூப்பிடு தூரம்தானே. ஒன்றுமில்லை என்று சொன்னால் சந்தோஷம். ஏதாவது இருந்தால் இந்த வயதில் கண்டுபிடிப்பது போல வராது.

போன் விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன கணக்கு: இரண்டு வயதிலிருந்து நாலு வயது வரை நாள் முழுக்கச் சேர்த்தே ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை முன்னால் உட்காரக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. மூன்று வேளைச் சாப்பாட்டிலேயே உங்கள் வீட்டில் அது தீர்ந்துவிடும். சாப்பாட்டு நேரம்தான் பிள்ளைக்கு எதிரே ஒரு மனித முகம் இருக்கிற நேரம், அதையும் போனுக்குக் கொடுத்துவிட்டால் எப்போது பேசுவது? மொட்டை மாடிக்குத் தூக்கிப் போங்கள், காக்காய்க்கு ஒரு வாய், அவனுக்கு ஒரு வாய். “காக்கா என்ன பண்ணுது?” என்று கேட்டுவிட்டு உடனே நீங்களே பதில் சொல்லாதீர்கள், மனசுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். “கா” என்று மட்டும் சொன்னால் “ஆமா, காக்கா பறக்குது” என்று நீட்டிச் சொல்லுங்கள். முதல் நாலைந்து நாள் அழுது ஊரைக் கூட்டுவான், சோறும் குறையும். பாட்டி மனசு இளகிப் போனை எடுத்துக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்களுக்கு நிஜமான வேலை.

இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்திருக்கிறோம். வீட்டிலும் இங்கிலீஷ் பேசச் சொல்கிறார்கள். எங்களுக்குத் தப்பும் தவறுமாகத்தான் வரும். — ரெட்டியார்பாளையம்

உங்களுக்குத் தடுக்காமல் வருகிற மொழியில் பேசுங்கள். தமிழில் கதை சொல்லி, வம்பளந்து, ‘ஏன்’, ‘எதனால்’ என்று பேசிப் பழகிய பிள்ளைக்கு இன்னொரு மொழி வரும்போது பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும், விஷயம் ஏற்கெனவே உள்ளே இருக்கும். பஸ்ஸில் போகும்போது எழுத்து வேண்டாம், ஓசையை வைத்து விளையாடுங்கள்: ‘ம’வில் தொடங்குவது நான் ஒன்று, நீ ஒன்று. மாங்காய், மழை, மணக்குள விநாயகர்! கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் ‘கடல்’, ‘பகல்’ இரண்டையும் சொல்லச் சொல்லுங்கள். எழுத்து ஒரே ‘க’, சத்தம் வேறு வேறு. ஒரு பையன் இதைக் கண்டுபிடித்து என்னிடமே வந்து “டீச்சர், ‘க’ ஏமாத்துது” என்றான்.

ஐந்து வயது மகள் சில எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி எழுதுகிறாள். பயமாக இருக்கிறது. — நெல்லிக்குப்பம்

இந்த வயதில் சகஜம், பெரும்பாலும் ஏழு வயதுக்குள் தானாகச் சரியாகிவிடும். அதற்கு மேலும் தொடர்ந்து, வாசிக்கவும் திணறினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தினமும் ஒரே கதையைத்தான் கேட்கிறாள். எனக்கே அலுத்துவிட்டது. — திருப்பாதிரிப்புலியூர்

அவளுக்கு அலுக்கவில்லையே! அடுத்து என்ன வரும் என்று தெரிந்து காத்திருப்பதில்தான் அவளுக்குச் சந்தோஷம். உங்களுக்குப் பொழுது போக ஒரு வழி: நரியை வேண்டுமென்றே ஓநாய் என்று சொல்லிப் பாருங்கள், துள்ளி எழுந்து திருத்துவாள். பாதியில் நிறுத்தி “மீதியை நீ சொல்லு, எனக்குத் தூக்கம் வருது” என்று கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

யு.கே.ஜி.க்கு டியூஷன் வைக்கலாமா? மாதம் ஆயிரம் கேட்கிறார்கள். — அரியாங்குப்பம்

வேண்டாம். அந்தப் பணத்தில் வாரம் ஒரு நாள் பெரிய மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போய்க் கொய்யாப்பழம் வாங்கிக் கொடுங்கள், கிலோ என்ன விலை என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள்.