பாக்ஸ்-என் வேகனுக்கு உராய்வு எவ்வளவு போடுவது? ஓப்பன் ரெயில்ஸ் கேள்வி பதில்

ஓப்பன் ரெயில்ஸ் என்ற ரயில் ஓட்டும் கணினி விளையாட்டில் வண்டிக்கு உராய்வு எண் போடுபவர்களுக்கான பக்கம் இது. கேட்பதற்கு முன் மூன்று விவரம் தந்துவிடுங்கள்: மொத்த எடை, அச்சு எத்தனை, பேரிங் எந்த வகை. இவை இல்லாமல் "வண்டி சரியா ஓடலை" என்று மட்டும் எழுதினால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

கரிவண்டி: பாக்ஸ்-என் (மேலே திறந்த கரி வேகன்), லோடோடு மொத்தம் 81.28 டன், 4 அச்சு, ரோலர் பேரிங். டேவிஸ் ஏ, பி, சி மூன்றுக்கும் என்ன எண் போடுவது?

இப்படிக் கேட்டால் எவ்வளவு நிம்மதி! ஓடும் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் எதிர்ப்பைக் கணக்கிடும் டேவிஸ் சூத்திரம் 1926-இல் அமெரிக்காவில் வந்தது. ரோலர் பேரிங் காலத்துக்காக அதைப் பிற்பாடு திருத்தினார்கள், நமக்கு வேண்டியது திருத்திய வடிவம். ஒரு முழு வேகனுக்கு அதை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். டன்னுக்கு 0.6 பவுண்டு, அதோடு அச்சுக்கு 20 பவுண்டு, இரண்டும் சேர்ந்து ஏ. டன்னுக்கு 0.01 பவுண்டு, அதை மைல் வேகத்தால் பெருக்குவது பி. காற்றுக்கு 0.07, அதை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குவது சி. இந்த டன் 907 கிலோ கொண்ட அமெரிக்க டன், நம் டன் இல்லை. ஆக உங்கள் 81.28 அங்கே 89.6.

ஏ: 0.6 × 89.6 + 20 × 4, அதாவது ஏறக்குறைய 134 பவுண்டு. 4.448-ஆல் பெருக்கினால் 595 நியூட்டன். பி: 0.896-ஐ 4.448-ஆலும் 2.237-ஆலும் பெருக்க 8.9. சி-க்கு அந்த 2.237 இரண்டு தடவை வரும், 1.56. இவை மீட்டர்/வினாடிக் கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டரில் (16.67 மீட்டர்/வினாடி) கூட்டிப் பாருங்கள், சுமார் 1,180 நியூட்டன் வரும். 120 கிலோ எடைக்குச் சமம். 81 டன் இரும்பையும் கரியையும் சமதளத்தில் அதே வேகத்தில் ஓட்ட இரண்டரை மூட்டை சிமெண்டின் கனம் போதும். ரயில் என்ற ஒன்று இருப்பதற்கே இதுதான் காரணம்.

அலகைக் கவனியுங்கள். கிலோமீட்டர் வேகத்துக்கான சி-யை அப்படியே மீட்டர்/வினாடியில் போட்டால் காற்று இழுவை 13-இல் ஒரு பங்காகிவிடும் (3.6-இன் வர்க்கம்). நானே ஒருமுறை போட்டுவிட்டு, ரேக் (வேகன் வரிசை) ஐஸில் வழுக்குவதுபோல் போகிறதே என்று இரண்டு நாள் பிரேக்கைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

நெட்ரூட்: ஹாரன் சத்தம் இரட்டையாகக் கேட்கிறது.

ஒலி என் துறை இல்லை, தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

பத்தாம்வகுப்பு பிசிக்ஸ்: உராய்வு எடைக்கு நேர்விகிதம் என்றுதான் படித்தோம். எம்ப்டி வேகன் 22.47 டன். அப்போது லோடு மதிப்பை 3.6-ஆல் வகுத்தால் முடிந்தது, எதற்கு இவ்வளவு கணக்கு?

முடியாது. மேஜையில் செங்கலைத் தள்ளும் கணக்கு அது. மேலே பாருங்கள், அச்சுக்கு 20 பவுண்டு என்பது லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே 20 தான். காற்றுக்கு உள்ளே கரி இருக்கிறதா என்று தெரியாது. எம்ப்டிக்குப் போட்டால் ஏ 422, பி 2.5, சி அதே 1.56. 60-இல் சுமார் 900 நியூட்டன். லோடுக்கு 1,180, எம்ப்டிக்கு 900! எடை நாலில் ஒரு பங்குக்குப் பக்கம், இழுவையோ முக்கால் பங்கு.

ஓய்வுபெற்ற கார்டு: தம்பி, முப்பது வருஷம் குட்ஸில் போனவன் நான். எம்ப்டி ரேக் கரண்டை நிறுத்தியதும் சுணங்கிவிடும், லோடு ரேக் நிற்கவே நிற்காது. நீங்கள் எம்ப்டிக்கு இழுவை குறைவு என்கிறீர்கள், எப்படி?

பத்தாம்வகுப்பு பிசிக்ஸ்: ஐயா சொல்வதைப் பார்த்தால் எம்ப்டிக்குத்தான் உராய்வு அதிகம். சூத்திரமே தப்பு.

இரண்டும் சரிதான் ஐயா, உங்கள் அனுபவமும் சூத்திரமும் ஒத்துத்தான் போகின்றன. இழுவை கொஞ்சம் குறைவு, ஆனால் அதை எதிர்த்து ஓட எம்ப்டியிடம் எடை இல்லை. சமதளத்தில் 60-லிருந்து 50-க்குக் குறைய லோடு வேகனுக்கு ஏறக்குறைய மூன்றரை நிமிடம், அதற்குள் 3 கிலோமீட்டர் போய்விடும். எம்ப்டிக்கு ஒன்றேகால் நிமிடம். நீங்கள் பார்த்தது இதைத்தான். போதாததற்கு மேலே திறந்த வெற்றுப் பெட்டிக்குள் காற்று புகுந்து சுழன்று பின்சுவரைத் தள்ளும். அதனால் எம்ப்டிக்கு சி-யைக் கணக்கில் வருவதைவிடக் கொஞ்சம் ஏற்றித்தான் வைப்பேன்.

எல்லோருக்கும் சொல்கிறேன், எண்ணைப் போட்டதும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். சமதளப் பாதை, 60-க்குக் கொண்டுபோய் நாட்சை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) பூஜ்யமாக்கி, கையில் கடிகாரம். "ஓட்டும்போது கனமாகத் தெரிகிறது" என்பதெல்லாம் அளவு ஆகாது.

காட்செக்ஷன்: 58 லோடு பாக்ஸ்-என், ஒரு டபிள்யூஏஜி-9 மின்சார எஞ்சின். நூற்றுக்கு ஒன்று ஏற்றத்தில் நின்றுவிடுகிறது. உராய்வைப் பாதியாக்கிவிடவா?

தயவுசெய்து வேண்டாம். 58 வேகன் 4,714 டன். அந்த ஏற்றத்தில் புவியீர்ப்பு மட்டும் பின்னுக்கு இழுப்பது 462 கிலோநியூட்டன். 20 கிலோமீட்டர் வேகத்தில் மொத்த உராய்வே 40 தான். அதைப் பூஜ்யமாக்கினாலும் நின்றுதான் போகும், ஏனென்றால் அந்த எஞ்சினின் துவக்க இழுப்பு விசையே சுமார் 460. நிஜத்திலும் நிற்கும். கர்ஜத்–லோனாவாலா மலைப்பாதையில் 37-க்கு ஒன்று ஏற்றம், அங்கே பேங்கர் (பின்னாலிருந்து தள்ளும் துணை எஞ்சின்) போடுவது சும்மா அழகுக்கா? இன்னொரு எஞ்சின் சேருங்கள்.

ரயில்பிரியன்: பாக்ஸ்-என்னுக்கு ஏ பி சி எவ்வளவு?

முதல் பதில்.

டீசல்ஷெட்: நான் சி 0.12 போட்டேன், 100-ஐத் தாண்டியும் வேகம் குறையவே இல்லை.

1.56-ஐ 13-ஆல் வகுத்துப் பாருங்கள். 0.12. அலகு, அலகு, அலகு.

வளைவு: வளைவுக்குத் தனியாகச் சேர்க்க வேண்டுமா?

வேண்டாம், ஓப்பன் ரெயில்ஸ் அதைத் தானே கணக்கிடுகிறது. சேர்த்தால் இரண்டு முறை ஆகிவிடும். ஏற்றமும் அப்படியே.

ஐசிஎஃப்காரன்: கோச்சுக்கு எஞ்சினின் காற்று மதிப்பையே போடலாமா?

கூடாது. பழைய டேவிஸில் முன்னால் போகும் எஞ்சினுக்குக் காற்றுக் குணகம் 0.0024, பின்னால் வரும் கோச்சுக்கு 0.00034. ஏழு மடங்கு வித்தியாசம். காற்றைக் கிழிப்பது எஞ்சின், மற்றவை அதன் முதுகில் ஒளிந்து வருகின்றன. 24 கோச்சுக்கும் எஞ்சின் மதிப்பைப் போட்டால் 24 எஞ்சின் பக்கம் பக்கமாகக் காற்றில் மோதுவதற்குச் சமம்.

நீராவி: பழைய பிளெயின் பேரிங் (உருளை இல்லாத பித்தளை பேரிங்) வேகன், நின்று கிளம்பும்போது அசைய மறுக்கிறது. பிழையா?

இல்லை, சரியாகத்தான் இருக்கிறது. வண்டி நிற்கும்போது அச்சின் கழுத்துக்கும் பித்தளைக்கும் நடுவே உள்ள எண்ணெய் பிதுங்கி வெளியேறிவிடும், உலோகம் உலோகத்தில் உட்காரும். சில சுற்று உருண்ட பிறகுதான் படலம் திரும்பவும் பிடிக்கும். அதனால்தான் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, கப்ளிங்கைத் தளர்த்திக்கொண்டு, வேகன் வேகனாக இழுத்துக் கிளப்புவார்கள். ரோலர் பேரிங்கில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

ரயில்பிரியன்: அந்த முதல் பதிலில் டன் எந்த டன்?

அங்கேயே எழுதியிருக்கிறேன். 907 கிலோ.

ஓய்வுபெற்ற கார்டு: சோதனை செய்து பார்த்தேன், மூன்று நிமிடம் இருபத்தெட்டு விநாடி. ஒத்துக்கொள்கிறேன். இனி என் பிரேக் வேனுக்கு எண் சொல்லுங்கள். எடை ஞாபகமில்லை, அதன் ஆட்டம் மட்டும் இடுப்புக்கு ஞாபகமிருக்கிறது.

இடுப்பு வலிக்கு டேவிஸில் இடமில்லை ஐயா. அச்சு எத்தனை?