பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி கம்பெனிப் பெயரையும் விளம்பரத்தையும் பற்றியே இருந்தன. அதனால் மற்றவற்றை அடுத்த மாதத்துக்கு எடுத்து வைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் தோப்பில் நாற்பது பெங்களூரா மாமரம் இருக்கிறது. சீசனில் மண்டிக்குக் கொண்டுபோனால் கிலோ ஐந்து ரூபாய்க்குக் கேட்டார்கள், பறிக்கிற கூலிக்கே கட்டுபடியாகவில்லை. அதே வாரம் என் பேத்தி நாற்பது ரூபாய் கொடுத்து மாம்பழ ஜூஸ் பாட்டில் வாங்கி வந்தாள். தோப்பு வைத்திருக்கிறவன் வீட்டிலேயே இப்படி. இது என்ன நியாயம்?
- ஒரு விவசாயி, போச்சம்பள்ளி

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்த அன்று சாயங்காலமே தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு கடையில் 600 மில்லி பாட்டில் ஒன்றை வாங்கி, வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதில் எழுதியிருப்பதை முழுக்கப் படித்தேன். முன்னால் சாறு வழிய அறுத்து வைத்த மாம்பழம். பின்னால் பொடி எழுத்தில் தண்ணீர், சர்க்கரை, மாம்பழக் கூழ் என்ற வரிசை. எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அப்படியானால் அந்த பாட்டிலில் மாம்பழத்தைவிடச் சர்க்கரை அதிகம். கூழ் 12 சதவீதம், 100 மில்லிக்குச் சர்க்கரை 13 கிராம் என்று அவர்களே போட்டிருக்கிறார்கள், ஒளிக்கவில்லை. பழ பானம் என்று விற்க 10 சதவீதம் பழச்சாறு இருந்தால் போதும் என்றுதான் நம் சட்டமும் சொல்கிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். 600 மில்லியில் 12 சதவீதம் என்றால் 72 கிராம் கூழ். ஒரு கிலோ பெங்களூராவில் தோலும் கொட்டையும் போகப் பாதிதான் தேறும் என்று வைத்துக்கொண்டாலும், உங்களிடம் ஐந்து ரூபாய்க்குக் கேட்ட அந்த ஒரு கிலோ ஏழு பாட்டிலுக்குச் சரியாக இருக்கிறது. ஏழு பாட்டில் 280 ரூபாய். நடுவில் கூழ் ஆலை, பாட்டில், லாரி, வரி, கடைக்காரர் லாபம் எல்லாம் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் விளம்பரத்துக்குப் போகிற பணத்தில் ஒரு பைசாவாவது மரத்தடிக்கு வருகிறதா என்று பார்த்தால் வரவில்லை. அல்போன்சாவுக்கும் மல்கோவாவுக்கும் தன் பெயரிலேயே கிராக்கி உண்டு, பழக்கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். பெங்களூராவைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. அது ஆலைக்குப் போய், டிரம்மில் அடைபட்டு, வேறொருவர் பெயரில் வெளியே வருகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்காயின் பெரிய துயரம் இதுதான் என்று நான் நினைக்கிறேன், விளைச்சல் குறைவதைவிடவும் இது பெரியது.

பேத்தியைத் திட்டாதீர்கள். அவள் பார்த்தது படத்தை, கேட்டது பாட்டை. நன்றாகப் பழுத்த நாலு பழத்தை அவள் கையிலேயே கொடுத்து, கொஞ்சம் வெல்லமும் பானைத் தண்ணீரும் விட்டு மிக்சியில் அடிக்கச் சொல்லுங்கள். அந்த 600 மில்லி பாட்டிலில் மொத்தம் 78 கிராம் சர்க்கரை, கிட்டத்தட்ட பதினைந்து ஸ்பூன். அந்தப் பதினைந்து ஸ்பூனையும் ஒரு கிண்ணத்தில் அளந்து போட்டு அவள் முன்னால் வையுங்கள், நீங்கள் எதுவும் பேச வேண்டியதில்லை.

கேள்வி: என் பையன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். ராகிக் கூழ் குடித்துவிட்டு வந்தேன் என்று சொன்னதற்குப் பள்ளியில் கிண்டல் செய்தார்களாம். டின்னில் வருகிற சத்து பானம்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். என் நாத்தனாரும், இந்தக் காலத்தில் யார் பிள்ளைக்குக் கூழ் ஊற்றுகிறார்கள் என்கிறார். நான் கஞ்சத்தனம் செய்கிறேனா?
- ஒரு தாய், பென்னாகரம்

பதில்: இல்லை அம்மா. உங்கள் கடிதத்தில் எனக்கு வலித்த இடம் அந்தக் 'கஞ்சத்தனம்' என்ற சொல்தான். நல்லதைக் கொடுத்துக்கொண்டிருக்கிற ஒரு தாய்க்கு இப்படிச் சந்தேகம் வரவைத்ததுதான் விளம்பரத்தின் வேலை.

100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் அது பத்து மில்லிகிராமைக்கூட எட்டாது. 2023 மே மாதம் ரேஷனில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தை அரசு தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுத்த இரண்டு மாவட்டங்கள் நீலகிரியும் நம் தர்மபுரியும்தான். நம் மண்ணில் விளைவது, நம் வயிற்றுக்குப் பழகியது. டின்னில் இருப்பது என்ன? பெரும்பாலும் மால்ட், சர்க்கரை, கொஞ்சம் கோகோ, அப்புறம் மேலே சேர்த்த வைட்டமின்கள். அந்த வைட்டமின்கள் பொய்யில்லை, ஆனால் டம்ளரில் பாதி வேலையைச் செய்வது நீங்கள் ஊற்றுகிற பால்தான். 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே நம் உணவுச் சட்டத்தில் கிடையாது. அதனால்தான் 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், ஆன்லைனில் விற்கிறவர்கள் இந்தப் பானங்களை அந்தத் தலைப்பின் கீழ் வைக்கக் கூடாது என்று சொன்னது.

சரி, பையனுக்கு என்ன சொல்வது? அவன் வெட்கம் நிஜமானது, அதை அலட்சியம் செய்ய வேண்டாம். பண்டம் மாற வேண்டியதில்லை, உருவம் மாறினால் போதும். ராகியை ராத்திரி ஊற வையுங்கள், காலையில் வடித்து ஈரத்துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்க விடுங்கள், ஒன்றரை நாளில் வெள்ளை நூல் மாதிரி முளை எட்டிப் பார்க்கும். அவனையே அவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிழலில் உலர்த்தி, வாசனை வரும்வரை வறுத்து, மெஷினில் கொடுத்து அரைத்துக்கொண்டால் பாலில் கலக்கிற மாவு தயார். வெள்ளிக்கிழமை டிபன் டப்பாவில் சிமிலி வைத்து அனுப்புங்கள், ராகி அடையோடு வேர்க்கடலையும் வெல்லமும் சேர்த்து இடித்து உருட்டியது. ஆறு உருண்டை வையுங்கள், கிண்டல் செய்த பிள்ளைகளுக்கும் சேர்த்து.

கேள்வி: எங்கள் கடையில் ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் பல வருடமாக ஐந்து ரூபாய்தான். ஆனால் கையில் எடுத்தால் லேசாகிக்கொண்டே போகிறது. வாங்குகிறவர்கள் என்னைத்தான் கேட்கிறார்கள்.
- மளிகைக் கடைக்காரர், பாலக்கோடு

பதில்: உங்கள் கை பொய் சொல்லவில்லை. விலையைத் தொட்டால் வாங்குகிறவருக்கு உடனே தெரியும், எடையைக் குறைத்தால் தெரியாது, அதனால் கம்பெனிகள் எடையைக் குறைக்கின்றன. முன்பு பிஸ்கட், டீத்தூள் மாதிரிப் பொருட்களை இந்தந்த எடையில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் ஒரு கிராமுக்கு, ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதைப் பாக்கெட்டிலேயே அச்சடிக்க வேண்டும் என்று விதி கொண்டு வந்தார்கள். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் சின்னதாக இருக்கும். நான் இப்போதெல்லாம் அதை மட்டும்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பெரிய பாக்கெட்தான் லாபம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, சோப்புத்தூளில் சில சமயம் சின்ன பாக்கெட் மலிவாக இருப்பது அப்படித்தான் தெரிந்தது. கேட்கிறவர்களுக்கு அந்த எண்ணைக் காட்டுங்கள், உங்கள் மேல் வருகிற சந்தேகம் தீரும்.

கேள்வி: தண்ணீர் பாட்டில், கூல்டிரிங்க்ஸ் எல்லாவற்றுக்கும் கூலிங் சார்ஜ் என்று இரண்டு ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள். ஜவுளிக்கடையில் கடை பெயர் போட்ட பைக்கும் பத்து ரூபாய். கொடுக்க வேண்டுமா?
- கல்லூரி மாணவி, காவேரிப்பட்டணம்

பதில்: கடையில் வாங்குகிற பாட்டிலுக்குக் கூலிங் சார்ஜ் கொடுக்க வேண்டியதில்லை. எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த உச்ச விலை, அதற்கு மேல் வாங்குவது தவறு. ஓட்டலில் உட்கார்ந்து பரிமாறி வாங்கினால் கதை வேறு, அங்கே கூடுதலாக வாங்கலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பை விஷயத்தில், முன்கூட்டியே சொல்லாமல் பில் போடும் இடத்தில் வைத்துக் காசு கேட்பது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் தீர்ப்புக் கொடுத்தது. புகாருக்கு 1915 என்ற எண் இருக்கிறது. நான் கையில் துணிப்பை வைத்துக்கொள்கிறேன், அவர்கள் கடைக்கு நான் காசு கொடுத்து விளம்பரம் செய்வதாவது?

கேள்வி: ஓசூரில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறேன். ஒரே லைனில் ஓடுகிற பொருளுக்கு முதல் ஷிப்டில் ஒரு ஸ்டிக்கர், அடுத்த ஷிப்டில் வேறு ஸ்டிக்கர். விலையில் இரண்டு மடங்கு வித்தியாசம். அப்படியானால் மக்கள் பெயருக்குத்தானே காசு கொடுக்கிறார்கள்?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: பாதி சரி. அட்டைப்பெட்டியில் 'தயாரிப்பவர்' என்று ஒரு முகவரியும் 'சந்தைப்படுத்துபவர்' என்று இன்னொன்றும் இருந்தால், நீங்கள் சொன்னதுதான் நடக்கிறது, அதில் திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே மெஷினில் வருவதெல்லாம் ஒரே சரக்கு என்று நான் எழுத மாட்டேன். உள்ளே போகிற மூலப்பொருள் வேறாக இருக்கலாம், ஒரு கம்பெனிக்காரர் நூற்றுக்குப் பத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்வார், இன்னொருவர் ஒன்றைப் பார்த்தால் போதும் என்பார், கெட்டுப்போனால் மாற்றிக் கொடுக்கிற பொறுப்பும் ஒருவருக்கு இருக்கும், இன்னொருவருக்கு இருக்காது. லைனில் நிற்கிற உங்களுக்குத்தான் அது தெரியும், எனக்குத் தெரியாது. என் வீட்டில் நான் வைத்திருக்கிற வழக்கத்தைச் சொல்கிறேன். உப்பு, பருப்பு, துடைப்பம், பனியன், இதிலெல்லாம் பெயர் பார்ப்பதில்லை, தொட்டுப் பார்த்தே வாங்கிவிடலாம். கேஸ் டியூப், ஒயர், சுவிட்ச், ஹெல்மெட் இவற்றைத் தொட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, தீப்பிடித்த பிறகுதான் தெரியும். அங்கே ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் வாங்குவதில்லை. தொப்பூர் கணவாயில் தினமும் பைக்கில் ஏறி இறங்குகிற பிள்ளைகள் ரோட்டோரம் விற்கிற முத்திரை இல்லாத ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பெயர் பார்த்து ஷூ வாங்குகிறவர்கள் தலைக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் செலவழிக்க யோசிக்கிறார்கள். அந்த முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 4151 என்று இருக்க வேண்டும், அது ஹெல்மெட்டுக்கான எண்.

கேள்வி: நாங்கள் கொட்டை எடுத்த புளி வியாபாரம் செய்கிறோம், என் அம்மா காலத்திலிருந்து. இங்கிலீஷில் ஒரு பெயர் வைத்து, தங்கக் கலர் பாக்கெட் போட்டால்தான் இனிமேல் விற்கும் என்று என் மகன் சொல்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை.
- ஒரு வாசகி, பாப்பாரப்பட்டி

பதில்: அம்மா, மகன் சொல்வதில் ஒரு விஷயம் சரி. சந்தையில் உங்கள் முகம் தெரிந்தவர்கள் வாங்கினார்கள், பெங்களூரில் இருக்கிறவருக்கு முகம் தெரியாது, அவருக்கு ஒரு பெயர் வேண்டும். நான் பெயருக்கு எதிரி இல்லை. உங்கள் ஊரில்தான் சுப்பிரமணிய சிவா 1925இல் கண்ணை மூடினார். அவரும் வ.உ.சி.யும் ஊர் ஊராகப் பேசிய 'சுதேசி' என்பதும் ஒரு பெயர்தான். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் காட்டியபோதும் சுதேசிக் கப்பலில் ஏறினவர்கள் உண்டு. அந்தப் பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதனால் பெயர் வையுங்கள், ஆனால் உங்கள் பெயரை வையுங்கள். அம்மாவின் பெயரோ ஊரின் பெயரோ, தமிழில், கொட்டை எழுத்தில். தங்கக் கலர் வேண்டாம். புளி வாங்குகிறவர் நிறத்தைப் பார்க்க வேண்டும், அதனால் உள்ளே தெரிகிற பாக்கெட்டாக இருக்கட்டும். சிறு வியாபாரத்துக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தால் போதும், 14 இலக்க எண் ஒன்று தருவார்கள், அதை அச்சடியுங்கள். எந்த வருடத்துப் புளி, உப்பு கலந்ததா இல்லையா, எத்தனை கிராம், இதெல்லாம் முன்பக்கத்திலேயே இருக்கட்டும். பழைய புளியைப் புதுசு என்று ஒரு தடவைகூடப் போட்டுவிடாதீர்கள், அம்மா காலத்திலிருந்து சேர்த்தது அதோடு போய்விடும்.

அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்குப் பாப்பாரப்பட்டி பக்கம் வருகிறேன். இந்த வருடத்துப் புளி இருந்தால் இரண்டு கிலோ எடுத்து வையுங்கள், பை நானே கொண்டு வருகிறேன்.