சில்ட்ஹுட் அப்ராக்சியா குழந்தைகளுக்குத் தெரபி கொடுக்க எந்த அட்வான்ஸ்டு ட்ரெய்னிங் போகலாம்? ப்ராம்ப்ட் சர்டிபிகேட் கட்டாயமா?

கட்டாயம் இல்லை. சில்ட்ஹுட் அப்ராக்சியா என்பது, சொல்ல வேண்டியது தெரிந்தும் அதற்கான வாயசைவுகளைத் திட்டமிட்டு வரிசைப்படுத்துவதில் குழந்தைக்கு வரும் சிக்கல். ப்ராம்ப்ட் என்பது முகத்தைத் தொட்டு வழிகாட்டும் ஒரு தெரபி முறை. ப்ராம்ப்ட் படித்தவர்கள் கமெண்டில் சண்டைக்கு வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அந்த முறையை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சர்டிபிகேட் இருந்தால்தான் அப்ராக்சியா குழந்தையைப் பார்க்கலாம் என்று எங்கும் விதி கிடையாது என்கிறேன், அவ்வளவுதான்.

நீங்கள் பி.ஏ.எஸ்.எல்.பி. (பேச்சு, செவித்திறன் பட்டப்படிப்பு) முடித்து ஏதோ ஒரு சென்டரில் வேலை பார்க்கிறீர்கள், இரண்டு மூன்று குழந்தைகள் மாதக்கணக்கில் அதே இடத்தில் நிற்கிறார்கள், பெற்றோர் கூகுள் செய்துவிட்டு வந்து "ப்ராம்ப்ட் தெரியுமா?" என்று கேட்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன், நகராமல் நிற்கும் அந்தக் குழந்தைகளுக்கு உண்மையிலேயே அப்ராக்சியாதானா என்று பாருங்கள். ஆயிரம் குழந்தைகளில் ஒன்றிரண்டு பேருக்கு இருக்கலாம் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ரிப்போர்ட்டுகளைப் பார்த்தால் தெருவுக்கு ஒருவர் இருப்பதுபோல் இருக்கிறது. அமெரிக்காவின் பேச்சு, மொழி, செவித்திறன் நிபுணர்களுக்கான ஆஷா அமைப்பு 2007இல் வெளியிட்ட அறிக்கை மூன்று அடையாளங்களைச் சொன்னது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது மெய்யிலும் உயிரிலும் தவறு மாறிக்கொண்டே இருப்பது. ஓர் ஒலியிலிருந்து அடுத்ததற்கும், ஓர் அசையிலிருந்து அடுத்ததற்கும் போகிற இடம் இழுபடுவது, அறுந்துபோவது. பேச்சின் ஏற்ற இறக்கமும் அழுத்தமும் பிசகுவது.

இதை நம் அறையில் சோதிக்க பெரிய கிட் எதுவும் வேண்டாம். "பட்டு", "பட்டம்", "பட்டணம்" என்று நீளத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொன்றையும் ஐந்து தடவை சொல்ல வைத்து ரெக்கார்ட் செய்யுங்கள். ஐந்து தடவையும் "பத்தனம்" என்றே வந்தால் அது ஒலியன் கோளாறு (ஓர் ஒலிக்குப் பதில் வேறொன்றை ஒரே மாதிரி மாற்றிச் சொல்வது) பக்கம் சாய்கிறது, அதற்கு வேறு தெரபி. ஒரு தடவை "பத்தம்", அடுத்த தடவை "மட்டன", அதற்கடுத்த தடவை தொடங்கும் முன்பே உதடு தடுமாறித் தேடுகிறது, சொல் நீள நீள மோசமாகிறது என்றால் சந்தேகிக்கலாம். தசை பலவீனம், மூக்கொலி, பலமில்லாத குரல் இருந்தால் டிஸார்த்ரியாவையும் (நரம்பு, தசைப் பாதிப்பால் வரும் பேச்சுக் கோளாறு) பாருங்கள். இரண்டும் சேர்ந்தே வரலாம். பேச முயற்சியே செய்யாத இரண்டு வயதுக் குழந்தையின் ரிப்போர்ட்டில் "அப்ராக்சியா" என்று உறுதியாக எழுதாதீர்கள். "சந்தேகம், தொடர்ந்து கவனிக்க வேண்டும்" என்பதே நேர்மையானது.

சரி, ட்ரெய்னிங். டி.டி.டி.சி.யிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இருந்த எடித் ஸ்ட்ராண்ட் உருவாக்கிய முறை இது: சேர்ந்து சொல்லியும் தொட்டும் உதவி, அந்த உதவியைப் படிப்படியாகக் குறைப்பது. சொற்கள் மிகக் குறைவாக உள்ள, கடுமையான பாதிப்புள்ள சின்னக் குழந்தைகளுக்குப் பொருந்தும். அவரே நடத்திய வகுப்புகளை டெக்சாஸில் உள்ள ஓர் அறக்கட்டளை ஆன்லைனில் இலவசமாகவே கொடுக்கிறது. அடுத்தது ரெஸ்ட், பொருளில்லாத பொய்ச்சொற்களை வைத்துப் பயிற்சி தரும் முறை, சிட்னி பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது, பயிற்சியையும் அவர்களே இலவசமாக ஆன்லைனில் வைத்திருக்கிறார்கள். நான்கு வயதுக்கு மேல், ஓரளவு பேசுகிற, ஆனால் நீளமான சொற்களில் தடுமாறுகிற குழந்தைகளுக்கு அது. ப்ராம்ப்ட்டில் தாடை, உதடு, முகத்தைத் தொட்டு வழிகாட்டும் முறை சொல்லித் தருவார்கள். அறிமுகம், பிரிட்ஜிங், சர்டிபிகேஷன் என்று படிப்படியாகப் போகும், செலவும் படிப்படியாக ஏறும். பிட்ஸ்பர்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட அப்ராக்சியா கிட்ஸ் அமைப்பு, ஏற்கெனவே அனுபவமுள்ள தெரபிஸ்டுகளைச் சிறு குழுவாகத் தேர்ந்தெடுத்து நிபுணர்களோடு உட்கார வைக்கும் தீவிரப் பயிற்சியும் நடத்துகிறது. அதெல்லாம் பிற்பாடு.

ஆதாரம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2018 மதிப்பாய்வு சலித்தெடுத்ததில் தேறியது ஒரே ஒரு ரேண்டமைஸ்டு (குலுக்கல் முறையில் குழு பிரித்த) ஆய்வு. அதில் 4 முதல் 12 வயது வரை 26 குழந்தைகள். ரெஸ்ட்டையும் நஃபீல்டு என்ற இன்னொரு தெரபித் திட்டத்தையும் ஒப்பிட்டார்கள். ஒரு மணி நேர செஷன், வாரத்தில் நான்கு நாள், மூன்று வாரம். இரண்டு பக்கமும் முன்னேற்றம் இருந்தது. ஆகவே "எங்கள் முறை ஒன்றுதான் நிரூபிக்கப்பட்டது" என்று விளம்பரம் செய்பவர்களிடம் கொஞ்சம் எட்டியே நில்லுங்கள். வாரத்தில் நான்கு நாள் என்பதையும் கவனியுங்கள். நம் ஊரில் வாரம் இரண்டு அரைமணி கொடுத்துவிட்டு, முறை வேலை செய்யவில்லை என்கிறோம்.

எந்தக் கோர்ஸானாலும் சேரும் முன் நான் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: நான் தெரபி செய்யும் வீடியோவை யாராவது பார்த்துத் திருத்துவார்களா? இல்லை என்றால் அது லெக்சர், ட்ரெய்னிங் இல்லை. ஏன் என்பது டி.டி.டி.சி.யை அருகில் வைத்துப் பார்த்தால் புரியும்.

குழந்தைக்கு "வேணாம்" என்ற சொல் இலக்கு என்று வையுங்கள். உங்கள் முகம் குழந்தையின் கண்மட்டத்தில் இருக்க வேண்டும். முதலில் நீங்கள் சொல்லி, குழந்தையைத் திருப்பிச் சொல்லவிடுங்கள். வரவில்லையா, உடனே ஒன்றாகச் சேர்ந்து, மெதுவாகச் சொல்லுங்கள். மெதுவாக என்றால் உயிரை இழுத்து, "வேஏஏணாஆஆம்" என்று. "வே… ணா… ம்" என்று துண்டாக்கினால் எல்லாம் கெட்டது. இந்தக் குழந்தைக்குச் சிக்கலே ஓர் அசைவிலிருந்து அடுத்த அசைவுக்குப் போவதில்தான், நீங்கள் அந்த இடத்தையே வெட்டி எடுத்துவிடுகிறீர்கள். தொடங்கும் முன் கீழுதட்டில் பல் படிந்த நிலையில் ஒரு நொடி நின்று காட்டுங்கள், தேவைப்பட்டால் விரலால் உதட்டைத் தொட்டு உதவுங்கள். கடைசி "ம்"முக்கு உதடு மூடாவிட்டால் அங்கே மட்டும் தொடுங்கள்.

சேர்ந்து சொல்வது சுலபமானதும் வேகத்தை இயல்புக்குக் கொண்டுவாருங்கள், தொடுவதை எடுத்துவிடுங்கள், கெஞ்சல், கோபம், விளையாட்டு என்று குரலை மாற்றிச் சொல்லுங்கள். அதன்பின் உங்கள் குரலைக் குறைத்து வாயசைவை மட்டும் காட்டுங்கள். பிறகு நீங்கள் சொல்லி முடித்ததும் குழந்தை. பிறகு சொல்லிவிட்டு இரண்டு மூன்று நொடி காத்திருக்க வைப்பது. கடைசியில் பிடிக்காத பொம்மையை நீட்டி "வேணுமா?" என்று கேட்டால் தானாக வர வேண்டும். இடையில் பிசகினால் அந்த நொடியே ஒரு படி கீழே இறங்க வேண்டும். கார் கிளட்ச்சை விடுவது மாதிரிதான் இது: சட்டென்று விட்டால் நின்றுவிடும், விடாமல் மிதித்துக்கொண்டே இருந்தாலும் நகராது. எந்த நொடியில் இறங்கினீர்கள், எதில் தேவைக்கு மேல் தங்கினீர்கள் என்பது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

அடுத்த கோளாறு எண்ணிக்கையில். அரைமணி செஷனில் 25 தடவை சொல்ல வைத்துவிட்டு நன்றாகப் போனது என்று நினைப்போம். 100ஐத் தாண்ட வேண்டும். 2011இல் இரண்டு குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வில், 15 நிமிடத்துக்கு 30, 40 முயற்சி செய்த இலக்குகளைவிட 100க்கு மேல் செய்தவை வேகமாகப் பிடிபட்டன. இரண்டே குழந்தைகள்தானே என்று நீங்கள் கேட்கலாம், சரிதான், ஆனாலும் அசைவைக் கற்பது பற்றி நமக்குத் தெரிந்த மற்ற எதற்கும் அது முரண் இல்லை. எண்ணிக்கையைத் தின்பது பெரும்பாலும் விளையாட்டுச் சாமான்: ஒரு ஸ்டிக்கர் ஒட்ட 40 நொடி. ஐந்து தடவை சொன்னால் ஒரு முத்து டப்பாவில் விழும் என்று வையுங்கள். நம்முடைய "வெரி குட்! சூப்பர்டா செல்லம்!" புராணத்தையும் குறைக்கலாம். ஆரம்பத்தில் "உதட்டை மூடு" என்று எங்கே பிசகியது என்பதைச் சொல்லுங்கள், பிடிபட ஆரம்பித்ததும் சரி, தப்பு மட்டும், அதுவும் எல்லாத் தடவையும் வேண்டாம். இலக்குகள் ஐந்தாறு போதும். எல்லாமே "பாப்பா, மாமா, தாத்தா" வகையாக இருந்தால் குழந்தை ஒரே அசையைத்தான் திருப்பிப் பழகும். "பாட்டி", "வா", "போ", "தா", "இல்ல" என்று உயிரும் வடிவமும் மாறட்டும்.

வெளிநாட்டுக் கோர்ஸ்கள் சொல்லித்தராத இடம் தமிழ். ஆங்கிலத்தில் சொல்லழுத்தம் பொருளை மாற்றும், அதனால் ரெஸ்ட்டின் பொய்ச்சொற்கள் அழுத்தமான அசை, மெலிந்த அசை என்ற அடிப்படையில் கட்டப்பட்டவை. தமிழில் அப்படி இல்லை. அந்தப் பட்டியலை அப்படியே தமிழெழுத்தில் எழுதிவைத்து நடத்துவது வீண். நம்மிடம் இருப்பது "கல், கால்" என்ற குறில் நெடில், "புளி, புள்ளி" போல ஒற்றை மெய், இரட்டை மெய், "வந்தாச்சு, வந்தாச்சா" என்ற கேள்வித் தொனி. அசைநீளத்தை வைத்துப் பொய்ச்சொல் கட்டலாம் என்பது என் யோசனை, ஆய்வு முடிவு இல்லை. டெம்ஸ் போன்ற ஆங்கிலப் பேச்சசைவுச் சோதனையின் மதிப்பெண்ணையும் தமிழ்க் குழந்தைக்குப் போடாதீர்கள். உதவி கொடுத்துப் பார்த்து மதிப்பிடும் அதன் வழியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

விசில் ஊதுவது, நாக்குக்கு வைப்ரேட்டர், தேன் தடவி நக்க வைப்பது இதெல்லாம் பேச்சசைவைக் கொண்டுவராது. எந்த "அட்வான்ஸ்டு" கோர்ஸின் பாதி நேரம் இதற்குப் போகிறதோ அதை விட்டுவிடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில சென்டர்கள் "நாங்களே ட்ரெய்னிங்குக்கு அனுப்புகிறோம்" என்று சொல்லி இரண்டு வருட பாண்ட் எழுதி வாங்குகின்றன, ஒரிஜினல் சர்டிபிகேட்டைக்கூட வைத்துக்கொள்கின்றன. சம்பளமோ ரிசப்ஷனில் இருப்பவருக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. பிறகு அந்தக் கோர்ஸின் பெயரை போர்டில் போட்டுப் பெற்றோரிடம் செஷனுக்குக் கூடுதலாக வாங்குவார்கள். முதலாளிகள் கோபப்பட்டால் படட்டும். இலவச வகுப்புகள் இருக்கும்போது கையெழுத்துப் போடாதீர்கள். ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவைப் புதுப்பிக்க சி.ஆர்.இ. என்ற தொடர்கல்விப் புள்ளி வேண்டுமென்றால், அந்தக் கோர்ஸுக்குப் புள்ளி உண்டா என்று சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மேற்பார்வைக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால், டி.டி.டி.சி. வகுப்பை முடித்த இன்னொரு தெரபிஸ்டோடு ஜோடி சேருங்கள். பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, செஷனின் நடுவில் பத்து நிமிடம் மட்டும் ரெக்கார்ட் செய்யுங்கள், இருவர் வாயும் ஒரே ஃபிரேமில் தெரிய வேண்டும். பார்ப்பவர் மூன்றை மட்டும் குறிக்கட்டும்: எத்தனை முயற்சி, ஒவ்வொரு பிசகுக்குப் பின் நீங்கள் படி இறங்கினீர்களா, சொல்லை எங்காவது துண்டாக்கினீர்களா. முதல் வீடியோவுக்குப் புதுக் குழந்தை வேண்டாம், உங்களோடு பழகி, உட்கார்ந்து வேலை செய்கிற குழந்தையாகப் பாருங்கள்.