கோடை விடுமுறையும் 5,000 ரூபாயும்

அன்புள்ள அக்காவுக்கு,

மதுரையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். பெண்ணுக்கு 10 வயது, பையனுக்கு 7. கணவர் கடையில் வேலை பார்க்கிறார், நான் வீட்டில் தையல். லீவு விட்டதிலிருந்து இரண்டு பேரும் போனை விட்டு நகர்வதில்லை. பிடுங்கி வைத்தால் 'போர் அடிக்குது' என்று தையல் மிஷினைச் சுற்றி ஒரே சண்டை. பக்கத்தில் ஒரு கோடை முகாமில் விசாரித்தேன். தலைக்கு 5,000 ரூபாயாம். எங்களால் முடியாது. பிள்ளைகளுக்குக் குறை வைக்கிறோமோ என்று உறுத்துகிறது. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அந்த 5,000 ரூபாயை நான் ஒருமுறை கட்டியிருக்கிறேன். பத்து நாள் முகாம். மகன் தினமும் ஜெராக்ஸ் எடுத்த மயில் படத்துக்கு வண்ணம் அடித்துவிட்டு வந்தான். நாலு விதமான மயில், அதையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே அவனுக்குப் பிடித்தது இடைவேளை மட்டும்தான். அப்போது என்னடா செய்வீர்கள் என்று கேட்டேன். "ஓடுவோம்" என்றான். உறுத்தலை விடுங்கள்.

என்ன வாங்கலாம் என்று யோசிக்காமல், யாரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பாருங்கள். அக்காவும் தம்பியும் மட்டும் என்றால் மூன்றாவது ஆட்டத்திலேயே அடிதடி. இன்னும் இரண்டு பிள்ளைகள் வந்துவிட்டால் அது கட்சி பிரிந்து விளையாட்டாகிவிடும். உங்கள் தெருவிலும் எவளோ ஒருத்தி இதே புலம்பலோடு இருப்பாள், போய்க் கதவைத் தட்டுங்கள். நானும் எதிர்வீட்டுக்காரியும் முறை வைத்துக்கொண்டோம். ஒருநாள் எங்கள் வீடு, மறுநாள் அவர்கள் வீடு. மற்றவள் அன்று நிம்மதியாக வேலை பார்ப்பாள். உங்கள் தையலுக்கும் அது உதவும். சத்தம் தாங்காமல் ஹவுஸ் ஓனர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். இரண்டு நாள் மோர் கொடுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் அவர் பேரனும் ஆட்டத்தில் இருந்தான்.

மே 4 ஆனால் கத்திரி. அந்த வெயிலில் வெளியே விரட்டுவது பாவம். நொண்டி, பம்பரம் எல்லாம் காலை 9 மணிக்குள், இல்லையென்றால் மாலை 5 மணிக்குமேல். கிட்டிப்புள்ளுக்குப் பொட்டல் வெளி வேண்டும். புள் பறந்து கண்ணில் பட்டால் வம்பு.

வாரம் ஒருநாள் நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். 2023 ஜூலையில் திறந்தது. சிறுவர் பிரிவு தனியாக இருக்கிறது, உள்ளே போகக் காசு கிடையாது, ஏசி உண்டு. சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் உங்களுக்கும் மகளுக்கும் டிக்கெட்டும் இல்லை. புத்தகத்தைப் புரட்டாமல் ஏசியில் உட்கார்ந்துவிட்டு வந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழடி அருங்காட்சியகம். ஊரிலிருந்து பக்கம்தான். பானை, மணி எல்லாம் பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். நேரே வட்டச்சில்லுகளையும் பகடைக்காய்களையும் காட்டுங்கள். உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்து விளையாடியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் உங்கள் மகள் ஓட்டுச்சில்லு தேடுவாள் பாருங்கள்.

நடுப்பகல்தான் கஷ்டம். பல்லாங்குழிக்குப் பலகை வாங்க வேண்டாம், முட்டை அட்டை போதும். ஆனால் 30 முட்டை அட்டையில் ஒரு வரிசைக்கு ஆறு குழிதான் வரும். ஏழாவது குழியை வேறு வரிசையிலிருந்து வெட்டி ஒட்ட வேண்டும். அதை ஒட்டவே ஒரு மதியம் ஓடிவிடும். காய்க்குப் புளியங்கொட்டை.

போனை அறவே ஒழிக்க நான் சொல்ல மாட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் என் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் டிவி உண்டு. நான் தூங்க வேண்டுமே.

எங்கள் வீட்டில் அதிக நாள் ஓடியது ஆடுபுலி ஆட்டம். தரையில் சாக்பீஸால் கட்டம், மூன்று புலிக்கு பாட்டில் மூடி, பதினைந்து ஆட்டுக்கு அதே புளியங்கொட்டை. ஆடு வைத்து விளையாடுகிறவருக்குத்தான் பொறுமை வேண்டும், அவசரப்பட்டால் புலி தாண்டி வெட்டிவிடும். பெரியவள் ஆடு எடுக்கட்டும். சின்னவன் எப்படியும் புலிதான் கேட்பான், முதல் நாள் கொடுத்துவிடுங்கள்.