டீசல் காரில் மாசு குறைவா?

கேள்வி: கார் வாங்கப் போகிறோம். டீசல்தான் நல்ல மைலேஜ் தரும், மாசும் குறைவு என்கிறார் அப்பச்சி. சரியா? (வாசகி, காரைக்குடி)

பதில்: பாதி சரி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும், டீசலில் 2.7 கிலோ, ஆனால் டீசல் வண்டி லிட்டருக்குக் கூடுதல் தூரம் ஓடிவிடுவதால் கிலோமீட்டர் கணக்கில் பெரும்பாலும் அதுதான் கொஞ்சம் குறைவு. நம் மூச்சுக்குள் போவதுதான் பிரச்சினை. நைட்ரஜன் ஆக்சைடும் கரித்துகளும் டீசலில் அதிகம். பழைய டீசல் வண்டி ஆறியிருக்கும்போது புகைக்குழாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள், கண்மை மாதிரி அப்பிக்கொள்ளும். டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே சொல்லிவிட்டது.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு புது டீசல் கார்களில் கரியைப் பிடிக்க வடிகட்டி இருக்கிறது, நல்ல விஷயம்தான், ஆனால் அதில் சேர்ந்த கரி எரிய வேண்டுமானால் வண்டி சூடேறிக் கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். செக்காலை ரோட்டுக்கும் கடைத்தெருவுக்கும், விசேஷம் என்றால் கானாடுகாத்தானுக்கும் மட்டும் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும், மெக்கானிக்குக் கொண்டாட்டம். அடிக்கடி திருச்சி, மதுரை போகிறீர்களா? அப்படியானால் டீசல் பார்க்கலாம். இல்லையென்றால் பெட்ரோலே போதும், அப்பச்சியிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.